அரிவாள் விழுந்த வருடத்தில் வாசித்தவை

ஜனவரி 5, 2025 – ஞாயிறு

நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சாதனாவிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் இந்த வருடம் என்னென்ன வாசித்தார்கள், எது மிகவும் பிடித்தது என்று எழுதி டிசம்பரில் கொடுக்க வேண்டுமாம். ஆறாம் வகுப்புக்காரி அதைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒட்டிவிட்டாள். நான்கு கட்டம். அப்பா, அம்மா, அண்ணன், நான்.

அவர் வாழைத்தார் இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். “என் கட்டத்துல வண்டி இன்சூரன்ஸ் பேப்பர்னு எழுது. அதைத்தான் நான் வரி விடாம படிக்கேன்” என்றார். சிரித்தோம்.

முதல் புத்தகம் சாதனா எடுத்தது. கிணற்றில் விழுந்த யானைக்குட்டியைப் பற்றிய கதை. மகேஷ் யானை மாதிரியும் தீயணைப்புக்காரர் மாதிரியும் குரல் மாற்றி வாசித்துக் காட்டினான். பன்னிரண்டாம் வகுப்புப் பையன், மீசை அரும்பிவிட்டது, தங்கச்சிக்காகத் தரையில் முட்டிபோட்டுப் பிளிறுகிறான்.

ஜனவரி 24 – வெள்ளி

மகேஷ் கையில் புதிதாக ஒரு கலர் கயிறு. எந்தக் கோயில் என்று கேட்டேன். கோயில் இல்லையாம், “நம்ம பசங்க எல்லாரும் கட்டுதோம்” என்றான். அறுத்துப் போடச் சொன்னேன். “சித்தப்பாதான் வாங்கித் தந்தாவ, அறுக்க மாட்டேன்” என்றான். கையில் இருந்த கரண்டிக் காம்பாலேயே அடித்துவிட்டேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. கயிறு அறவில்லை.

இன்று யாரும் எதுவும் வாசிக்கவில்லை.

பிப்ரவரி 11 – செவ்வாய்

மகேஷைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது. எழுத வரவில்லை.

பிப்ரவரி 13 – வியாழன்

நடந்ததை எழுதி வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நாளைக்கு எனக்கே மாறிப்போகும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு, ஓடைப் பாலத்துப் பஸ் நிறுத்தத்தில். கூட இரண்டு பையன்கள். இசக்கிராஜா பஸ்ஸுக்காக நின்றிருக்கிறான். மகேஷோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வகுப்பு. மகேஷ்தான் வெட்டியிருக்கிறான். முதல் வெட்டு தோளில். இரண்டாவதைத் தடுக்கக் கையைத் தூக்கியிருக்கிறான் அந்தப் பிள்ளை. வலது மணிக்கட்டு ஒரு பக்கத் தோலில் தொங்கியதாம். ஒரு பூக்காரி சேலையைக் கிழித்துக் கட்டி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறாள்.

தார் வெட்டுகிற அரிவாள். எங்கள் வண்டிப் பெட்டியில் கிடப்பது. போன வாரம் அதன் பிடிக்கு நான்தான் பழைய துணி சுற்றிக் கொடுத்தேன்.

எதற்கு? போன வருடக் கோயில் கொடை விழாவில் இசக்கிராஜாவின் அண்ணன் என் கொழுந்தன் பூதலிங்கத்தைக் கூட்டத்தில் வைத்து அறைந்துவிட்டான். அந்தத் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் எப்போதும் இருக்கிற புகைச்சல்தான், அன்றைக்கு அறையாக விழுந்தது. ஆனால் அது பூதலிங்கத்தின் கன்னம். என் பிள்ளை எதற்குப் போனான்?

பூதலிங்கம் வாழை மண்டியிலிருந்து நேரே வந்து கூடத்தில் உட்கார்ந்தான். “அழாதீங்க மைனி. பய ஆம்பளைன்னு காட்டிட்டான்.” அவர் தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 16 – ஞாயிறு

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கல் விழுந்தது. ஐந்தாறு பேர், பைக்கில். சன்னல் கண்ணாடி முழுவதும் உள்ளே. சாதனாவுக்கு நெற்றியில் மூன்று தையல். சோற்றில் கண்ணாடி.

மார்ச் 9 – ஞாயிறு

சிறுவர் கூர்நோக்கு இல்லத்தில் மகேஷைப் பார்த்தோம். அவரும் நானும் பூதலிங்கமும். பூதலிங்கம் ஒவ்வொரு முறையும் வருவேன் என்கிறான். வக்கீல் வைத்திருப்பது அவன்தான், அதனால் யாரும் மறுக்க முடியாது.

மகேஷ் மெலிந்திருந்தான். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, “வாசிக்க ஏதாவது கொண்டாங்கம்மா. இங்கன பொழுது போவ மாட்டேங்குது” என்றான். புத்தகத்தைப் பார்வையிட்டுவிட்டு உள்ளே விடுவார்களாம். பேசும்போதெல்லாம் சித்தப்பாவைப் பார்த்துப் பார்த்துப் பேசினான்.

அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கையை ஒட்டவைத்திருக்கிறார்கள். விரல் அசையாது என்கிறார்கள்.

மார்ச் 30 – ஞாயிறு

அலுவலகத்தில் மஹ்மூதா அக்கா ஒரு புத்தகம் கொடுத்தார். அவர்தான் எங்கள் அஞ்சலகத்துக்குத் தலைவி. நான் கவுண்டரில் ஒரே ரசீதை இரண்டு தடவை அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “எதையாச்சும் படி சுகிர்தா, இல்லைன்னா மண்டை வெடிச்சிரும்” என்றார்.

பிணவறையில் முப்பது வருடம் வேலை பார்த்த ஒருவர் தன் கதையைச் சொல்லியிருக்கிறார். வெட்டுப்பட்டு வருகிறவர்களைக் கழுவித் தைத்துக் கொடுப்பது அவர் வேலை. வெளியே நிற்கிற தாய்மார்கள் எல்லோரும் முதலில் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்களாம் – முகம் இருக்கா? முகத்தில் வெட்டு இருந்தால் அதை மட்டும் பொடி நூலால் தைப்பாராம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, கூலியும் கிடையாது.

இரண்டே நாளில் முடித்தேன். இதை மகேஷுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு மனம். கொடுத்தால் அது புத்தகமாக இருக்காது, அடியாக இருக்கும். கொடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் வண்டி சீட்டில் அதைப் பார்த்தேன். நான் வைத்தது இல்லை. எடுத்துப் போயிருக்கிறார். கேட்டதற்கு, “சும்மா புரட்டினேன்” என்றார்.

ஏப்ரல் 20 – ஞாயிறு

மாரிக்கண்ணுவைப் பார்க்கப் போனேன். இசக்கிராஜாவின் அம்மா. வீட்டுக்குப் போகத் துணிச்சல் இல்லை. கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வருவார்கள் என்று தெரிந்து வராந்தாவில் நின்றேன். பையன் உள்ளே இருந்தான்.

“அக்கா, நான் மகேஷுக்க அம்மா” என்றேன். அதற்கு மேல் சொல்ல எதுவும் தயார் செய்துகொண்டு போகவில்லை.

கையில் இருந்த தண்ணீர் பாட்டிலால் அடித்தாள். தலையில், காதில், தோளில். நிறையத் தண்ணீர் இருந்த பாட்டில். யாரும் விலக்கவில்லை, நானும் விலகவில்லை. மூச்சு வாங்கியதும் நிறுத்தினாள்.

“ஒன் மவன் கைய வெட்டிக் கொண்டு வாட்டி. பொறவு ஒக்காந்து பேசுவோம்.”

திரும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் காதுக்குள் இரைச்சல். அவள் கேட்டதில் என்ன தப்பு?

மே 11 – ஞாயிறு

மகேஷுக்கு இது ஏழாவது புத்தகம். கொடுப்பதற்கு முன்னால் நான் வாசித்துவிடுவது என்று வைத்திருக்கிறேன், அப்போதுதான் பார்க்கும்போது பேச ஏதாவது இருக்கும். இந்த வாரம் முடியவில்லை, பாதியிலேயே கொடுத்துவிட்டேன். களக்காட்டு மலையில் வேலை பார்த்த ஒரு வனக்காவலர் எழுதியது. புலித்தடம் எடுப்பது, கண்ணி வைக்கிறவர்களைப் பிடிப்பது, மழையில் மூன்று நாள் பாறை இடுக்கில் கிடந்தது. அலட்டல் இல்லாத எழுத்து. இதுவரை வாசித்ததில் எனக்கு இதுதான் முதலிடம் என்று சாதனாவின் தாளில் என் கட்டத்தில் எழுதிவிட்டேன்.

ஜாமீனுக்கு வக்கீல் மறுபடி மனு போடுகிறாராம். பூதலிங்கம் சொன்னான்: “வந்ததும் நம்ம மண்டியிலயே என்கூட இருக்கட்டும் மைனி. பயலுக்கு இப்ப ஊருக்குள்ள ஒரு பேரு இருக்கு.”

மே 25 – ஞாயிறு

வனக்காவலர் புத்தகத்தை மகேஷ் திருப்பிக் கொடுத்தான். கொடுக்கும்போது, “கடைசி வரைக்கும் படிங்கம்மா” என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான்.

கடைசித் தாள் வெற்றுத் தாள். அதில் பென்சிலால் பொடி எழுத்தில் –

“அம்மா, அருவாள நான் எடுக்கல. சித்தப்பாதான் பெட்டியத் தொறந்து குடுத்தாவ. ரெண்டு நாளா சொல்லிக் குடுத்தாவ. வண்டியில பாலம் வரைக்கும் கொண்டாந்து விட்டாவ. யார்ட்டயும் சொன்னா அடுத்தது சாதனாவுக்குன்னு சொல்லியிருக்காவ. அப்பாட்ட சொல்லாண்டாம்.”

அவன் கையெழுத்துதான். ‘ளா’வுக்கு வால் நீட்டுவான்.

மே 26 – திங்கள்

புத்தகத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மஹ்மூதா அக்காவின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அக்கா கடைசித் தாளை வாசித்தார். சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மே 28 – புதன்

அவரிடம் கேட்டுவிட்டேன். மகேஷ் வேண்டாம் என்று எழுதியும். இருபது வருடம் கூட வாழ்ந்தவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்?

“ஒங்க தம்பிதான் அருவாளக் கையில குடுத்திருக்கான். ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பக் கேட்டேன். “யாருட்டி சொன்னா?” என்றார். புத்தகத்தில் எழுதியிருக்கிறான் என்றேன். எங்கே புத்தகம் என்றார். சொல்ல மாட்டேன் என்றேன்.

பெல்ட்டை உருவினார். கல்யாணமான புதிதில் இரண்டு முறை கை நீட்டியதோடு சரி, இது அப்படி இல்லை. எண்ணிக்கை இல்லாமல் அடித்தார். முதுகு, கால், கடைசியில் பக்கிளோடு திருப்பிப் பிடித்து. “அவன் என் கூடப்பெறந்தவன்ட்டி. ரெண்டு பேரையும் உள்ள தள்ளிட்டு நீ புஸ்தகம் வாசிச்சிட்டு இருப்பியா, மூதி?” அடிக்கும்போது அவர் அழுதார். அதைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

உள்ளறையில் சாதனா சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். அதே யானைக்குட்டிக் கதை. எங்களுக்குக் கேட்கட்டும் என்றா, தனக்கு எதுவும் கேட்க வேண்டாம் என்றா – தெரியவில்லை. அடி நின்ற பிறகும் வாசித்துக்கொண்டே இருந்தாள். நான் போய் புத்தகத்தை மூடினேன்.

ஜூன் 8 – ஞாயிறு

இன்று பார்க்கப் போகும்போது பூதலிங்கம் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வக்கீலிடம் பேசுகிற மாதிரி என்னிடம் சொன்னான்: “பதினெட்டு ஆகலல்லா மைனி. மிஞ்சிப்போனா மூணு வருசம். அதே எனக்குன்னா ஆயுள். கணக்கு ஒங்களுக்குப் புரியுதா?”

புரிந்தது. என் பிள்ளையின் வயதைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறான், தாரைத் தட்டிப் பார்த்து எடுக்கிற மாதிரி.

ஜாமீன் மனு பத்தொன்பதாம் தேதி வருகிறது. வெளியே வந்தால் மகேஷ் இவன் கைக்குப் போவான். அடுத்து யாரை வெட்டச் சொல்வான்? இல்லை, அந்தத் தெருக்காரர்கள் மகேஷை வெட்டுவார்கள். முகம் இருக்கா என்று நான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஜூன் 15 – ஞாயிறு

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். இடது முழங்கைக்குக் கீழே பதினான்கு தையல்.

நேற்று மதியம் மூன்று மணி. அவர் களக்காட்டுக்குத் தார் ஏற்றப் போயிருந்தார். பூதலிங்கம் வந்தான், கையில் சாக்கு சுற்றின அரிவாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தான். “புஸ்தகத்தக் குடுங்க மைனி.” அப்போ, அவர் சொல்லிவிட்டார். என்னை அடித்துவிட்டு அழுதவர், தம்பியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

என்னிடம் இல்லை என்றேன். கன்னத்தில் அறைந்தான். அலமாரியைப் பிடித்துச் சாய்த்தான். சாதனாவின் புத்தகங்கள், மகேஷின் பாடப் புத்தகங்கள், நூலகத்துப் புத்தகங்கள் எல்லாம் தரையில். ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தான், எழுத்து எதுவும் இல்லை. அப்புறம் வெட்ட ஆரம்பித்தான். குனிந்து, கால் அகட்டி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப. வாயில் எச்சில் வடிந்தது. தாள் எல்லாம் பஞ்சு மாதிரிப் பறந்தது.

சாதனா கதவோரம் நின்றாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான். நான் நடுவில் போய் விழுந்தேன். கையைத் தூக்கினேனா, தானாகத் தூக்கிக்கொண்டதா தெரியாது. முதலில் வலி இல்லை, குளிர்ச்சியாக இருந்தது. “ஓடுட்டி” என்று கத்தினேன். ஓடினாள். அடுத்த தெருவில் மஹ்மூதா அக்கா வீட்டுக்குச் செருப்பில்லாமல் ஓடியிருக்கிறாள்.

அரிவாளைப் போட்டுவிட்டு அவன் கிணற்றடியில் போய்க் கை கழுவினான். போலீஸ் வரும்போது அங்கேயே உட்கார்ந்திருந்தானாம். “எங்க வீட்டுச் சண்டை, ஒங்களுக்கு என்ன?” என்று கேட்டானாம்.

ஜூன் 19 – வியாழன்

கட்டுப்போட்ட கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போனேன். மஹ்மூதா அக்கா விடுப்புப் போட்டுவிட்டுக் கூட வந்தார், அந்தப் புத்தகத்தைத் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு.

வக்கீல் ஜாமீன் கேட்டார். நீதிபதி அம்மா என்னைப் பார்த்து, “தாயார் என்ன சொல்கிறீர்கள்?” என்றார்.

“ஜாமீன் வேண்டாம்மா” என்றேன்.

மகேஷ் தலையைத் தூக்கினான். புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் கடைசித் தாளை இரண்டு தடவை வாசித்தார். மகேஷிடம் காட்டி, இது உன் எழுத்தா என்று கேட்டார்.

“இல்லை. அருவாள நான்தான் எடுத்தேன்” என்றான் என் பிள்ளை. என்னைப் பார்க்கவே இல்லை.

மகேஷின் அப்பா வெளியே மரத்தடியில் நின்றார். நான் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராத்திரியே துணிமணியை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார்.

ஜாமீன் கொடுக்கவில்லை. புத்தகத்தை வாங்கி, உறையில் போட்டு, முத்திரை வைத்துக்கொண்டார்கள். அது இனி வழக்குச் சொத்து. எனக்கு இன்னும் பாதி பாக்கி.

ஜூலை 6 – ஞாயிறு

மகேஷ் பார்க்க வரவில்லை. “அம்மாவப் பாக்க இஷ்டம் இல்லன்னு சொல்லுதான்” என்றார்கள். புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 20 – ஞாயிறு

இன்றும் வரவில்லை. போன தடவை கொடுத்த புத்தகம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது.

ஆகஸ்ட் 17 – ஞாயிறு

ஒரு கடைசி முயற்சி என்று நினைத்துக்கொண்டே மறுபடியும் மறுபடியும் போகிறேன். வாசலில் உட்கார்ந்து நானும் சாதனாவும் வாசிக்கிறோம். மணி அடித்ததும் பஸ் ஏறிவிடுகிறோம். வெட்டுப்பட்ட நூலகப் புத்தகங்களுக்குப் பதில் வாங்கிக் கொடுத்துவிட்டேன். யானைக்குட்டிப் புத்தகத்தை மட்டும் சாதனா தானே ஒட்டப் பார்க்கிறாள். நாற்பது பக்கம் தேறியிருக்கிறது. யானை கிணற்றுக்குள்தான் இருக்கிறது, மேலே ஏறுகிற பக்கங்கள் இல்லை.

அக்டோபர் 12 – ஞாயிறு

வந்தான்.

மேல் பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது. உள்ளே ஒருவன் ‘வெட்டுக் கேசு’ என்று கூப்பிட்டதற்குச் சண்டையாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகத்தான் பேசினான். சாதனாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னேன்.

“சித்தப்பா இனி வெளிய வரமாட்டாவல்லா?”

“ஒன் தங்கச்சி முன்னால என்னய வெட்டினதுக்கே இன்னும் ஜாமீன் கெடைக்கல.”

கட்டு அவிழ்த்த கையைப் பார்த்தான். தழும்பைத் தொட வந்து, தொடாமல் கையை எடுத்துக்கொண்டான். பிறகு அன்றைக்கு நடந்ததைச் சொன்னான். அப்படியே எழுதுகிறேன்.

“இசக்கி என்னயப் பாத்துச் சிரிச்சாம்மா. நான் வெளையாட்டுக்கு எடுத்திட்டு வாரேன்னு நெனச்சிருக்கான். ‘மகேசு, அதுல கூர் இருக்காலே?’ன்னு கேட்டான். அதுக்குள்ள சித்தப்பா வண்டியில இருந்து ஆரன் அடிச்சாவ. நான் வெட்டிட்டேன். ரெண்டாவது வெட்டு நான் வெட்டலம்மா. கை தானா எறங்கிட்டு.”

“கை தானா எறங்காதுலே” என்றேன்.

தரையைப் பார்த்தான். நானும். அவனை அடித்த ஒவ்வொரு தடவையும் நானும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன், கோபத்தில் கை ஓடிவிட்டது என்று. அவர் பெல்ட்டை உருவினபோதும் இப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

“ஆமா” என்றான் கடைசியில். “நான்தான் வெட்டினேன். ரெண்டும்.”

பிறகு, “அவனுக்குக் கை எப்படி இருக்கும்மா?”

எட்டு மாதம் கழித்துக் கேட்கிறான். விரல் அசையாது என்று சொன்னேன். சுவரில் தலையை இடித்துக்கொண்டான், ஒரு தடவை, இரண்டு தடவை. காவலர் ஓடிவந்து பிடித்தார். நெற்றியில் ரத்தம்.

போகும்போது, “சிரிப்பு வார புஸ்தகம் ஏதாவது கெடைச்சா கொண்டாங்க” என்றான்.

நவம்பர் 13 – வியாழன்

மகேஷ் குழுமத்தில் சொல்லிவிட்டான். கடைசித் தாளில் இருப்பது தன் எழுத்து, அரிவாள் கொடுத்தது சித்தப்பா, ஓட்டிவந்தது சித்தப்பா. “ஆனா வெட்டினது நான்தான். ரெண்டும் நான்தான்.” வக்கீல் பேனாவை மூடிவிட்டார்.

பூதலிங்கத்தின் மேல் அந்த வழக்கையும் சேர்த்துவிட்டார்கள். வெளியே அவனுடைய ஆட்கள் இரண்டு பேர் என் முகத்துக்கு நேரே துப்பினார்கள். துடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தபால் வண்டி வருகிற நேரம்.

டிசம்பர் 14 – ஞாயிறு

அவர் வந்தார். ஆறு மாதம் ஆகிறது. படி ஏறவில்லை, கீழேயே நின்றார். கையில் பிணவறைப் புத்தகம். ஜூனில் போகும்போது எடுத்துப் போயிருக்கிறார்.

“முழுசாப் படிச்சிட்டேன். ரெண்டு தடவ.”

நான் வாசலிலேயே நின்றேன்.

“அன்னைக்குச் சாயங்காலம் வண்டியக் கழுவிட்டு வந்தான். எதுக்குலே இந்நேரம் கழுவுதேன்னு கேட்டேன். சும்மா சிரிச்சான். அப்பமே தெரியும் எனக்கு. நான் போலீசுல சொல்லப் போறேன் சுகிர்தா.”

“போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க” என்றேன். “வந்தாலும் இந்த வீட்டுக்குள்ள வேண்டாம். பிள்ளையப் பாக்கணும்னா ஞாயித்துக்கிழமை அங்கன வாங்க.”

தலையாட்டினார். புத்தகத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார். முதுகைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. என் முதுகு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் 27 – சனி

வாசகர் வட்டத்துக்குத் தாளைக் கொடுக்க நாளைதான் கடைசி நாள். சாதனா என்னை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினாள்.

அவளுக்கு இந்த வருடம் பதினெட்டுப் புத்தகம். பிடித்தது யானைக்குட்டி இல்லையாம். வருடக் கடைசியில் வாசித்த, கப்பலில் சமையல்காரியாகப் போன பெண்ணின் கதையாம். “அதுல யாரும் யாரையும் அடிக்க மாட்டாவ” என்றாள். எழுதிக்கொள் என்றேன்.

மகேஷ் உள்ளே இருந்து வாசித்தது இருபத்திரண்டு. அவனுக்குப் பிடித்தது ஒரு கண்டக்டர் எழுதின சிரிப்புக் கதைகள். அதை அறையில் இருக்கிற மற்றப் பையன்களுக்கு வாசித்துக் காட்டுகிறானாம். குரல் மாற்றியா என்று கேட்டேன். உடைந்த பல் தெரியச் சிரித்தான்.

எனக்கு? மே மாதம் வனக்காவலர் என்று எழுதியிருந்தேன். அதை அடிக்கவில்லை. பாதி வாசித்த புத்தகத்தை எப்படி முதலில் வைக்கலாம் என்று சாதனா கேட்கிறாள். வைக்கலாம். கடையில் இன்னொரு பிரதி கிடைக்கும், தெரியும். வாங்கத் தோன்றவில்லை. அதற்குக் கீழே பிணவறைக்காரரை எழுதச் சொன்னேன்.

அப்பா கட்டத்தில் என்ன எழுத என்றாள். ஒன்று வாசித்தார் என்று எழுது என்றேன். பிடித்ததா என்று நாளைக்கு மகேஷைப் பார்க்க அவர் வரும்போது அவளே கேட்டுக்கொள்ளட்டும்.

டிசம்பர் 30 – செவ்வாய்

காலை பதினொரு மணி இருக்கும், கவுண்டரில் கூட்டம் இல்லை. தலையைத் தூக்கினால் மாரிக்கண்ணு. பின்னால் இசக்கிராஜா. அந்தப் பிள்ளையை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. உயரமாக இருக்கிறான். வலது கை கால்சட்டைப் பைக்குள்.

என்னை அங்கே அவள் எதிர்பார்க்கவில்லை. பக்கத்துக் கவுண்டருக்குப் போவாள் என்று நினைத்தேன். அதில் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பாஸ் புத்தகத்தை நீட்டினாள்.

“இவன் கையெழுத்து ஒத்துப்போவலன்னு திருப்பி அனுப்பிட்டாவ. பழைய கையெழுத்து வலது கையில போட்டது.”

மாதிரிக் கையெழுத்தை மாற்ற வேண்டும். புதுப் படிவத்தில், அலுவலர் பார்க்க, மூன்று இடத்தில் போட வேண்டும். சொன்னேன். குரல் சரியாகத்தான் வந்தது. மஹ்மூதா அக்கா உள்ளேயிருந்து எழுந்து வந்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சைகை காட்டினேன்.

அவன் இடது கையில் பேனாவைப் பிடித்தான். முதல் கையெழுத்துக்கு வெகுநேரம் ஆனது. படிவம் நகர்ந்து நகர்ந்து போனது. வலது கை அதைப் பிடிக்க வரவில்லை. நான் என் கையை நீட்டிப் படிவத்தின் ஓரத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாரிக்கண்ணு என் கையைப் பார்த்தாள். தழும்பைப் பார்த்தாள். எடுக்கச் சொல்லவில்லை.

மூன்றாவது கையெழுத்தின் நடுவில், தலை நிமிராமல் அவன் கேட்டான்: “மகேஷ் அங்கன என்ன செய்யுதான்?”

“வாசிக்கான்” என்றேன். “நாலு பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுதான்.”

அவன் பெயரின் கடைசி எழுத்தை எழுதி முடித்தான். மூன்றும் மூன்று மாதிரி இருந்தன. விதிப்படி பார்த்தால் திருப்பி அனுப்ப வேண்டும்.

‘என் முன்னிலையில் கையெழுத்திட்டார்’ என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, முத்திரை குத்தினேன்.